கட்டிலுக்கடியில் இரும்புக் கம்பி வைத்திருப்பவருக்கு

கேள்வி: எங்கள் தெருவில் இரண்டு மாதத்தில் மூன்று வீடுகளில் திருட்டு நடந்துவிட்டது. ஒரு வீட்டில் வயதானவரைக் கட்டிப்போட்டு அடித்திருக்கிறார்கள். என் வீட்டில் நான், மனைவி, அம்மா, கல்லூரிக்குப் போகும் மகன் என்று நாலு பேர். கட்டிலுக்கடியில் ஒரு இரும்புக் கம்பி வைத்திருக்கிறேன். "எவனாவது உள்ளே வந்தால் உயிரோடு திரும்பிப் போகமாட்டான்" என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லியும் வைத்திருக்கிறேன், அது திருடன் காதில் விழட்டுமே என்று. மனைவிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை, தினமும் வாக்குவாதம். பின்பக்கச் சுவரில் மின்சாரக் கம்பி ஓட்டலாமா என்றும் யோசிக்கிறேன், மகன் சில நாள் நள்ளிரவில் எங்களை எழுப்ப வேண்டாமென்று அந்தச் சுவர் ஏறித்தான் வருவான், அதனால்தான் தயக்கம். நண்பர் ஒருவர், "அடித்துப் போடு, வெளியே விழுந்தால் உள்ளே இழுத்துப் போட்டுவிடு, கேஸ் நிற்காது" என்கிறார். என் வீட்டுக்குள் வந்தவனைக் கொன்றால் அது குற்றமா? (பெயர் வேண்டாம்)

பதில்:

ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வந்தவன் உங்கள் வீட்டுக்குள் நுழைந்தான் என்பது மட்டுமே காரணமாக இருந்தால், குற்றம். அவனால் உங்களுக்கோ வீட்டில் இருப்பவர்களுக்கோ உயிர் போகும், பெருங்காயம் ஏற்படும் என்று நீங்கள் பயப்பட நியாயமான காரணம் இருந்து, தடுக்க வேறு வழி இல்லாமல் அடித்து அவன் இறந்துபோனால், குற்றமில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே கிடக்கும் பள்ளத்தில்தான் ஆட்கள் விழுகிறார்கள், கிரிமினல் வழக்குகளில் என் வாழ்நாளில் பாதி அந்தப் பள்ளத்திலிருந்து ஆட்களைத் தூக்குவதிலேயே போயிருக்கிறது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான். இந்தியாவில் இது பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. எண்தான் மாறியது, சரக்கு கிட்டத்தட்ட அதேதான். அதில் 41-ஆம் பிரிவைத்தான் உங்கள் நண்பர் எங்கேயோ அரைகுறையாகக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். சொத்தைக் காப்பாற்றுவதற்காகவே உயிரை எடுக்கும் அளவுக்குப் போகலாம் என்று சொல்லும் பிரிவு அது. ஆனால் எப்போது? கொள்ளை, சூரியன் மறைந்து மறுபடி உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைதல், ஆள் குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீ வைத்தல், வெடி வைத்தல், அப்புறம் சாதாரணத் திருட்டோ அத்துமீறி நுழைதலோகூட, "இப்போது தடுக்காவிட்டால் உயிர் போகும், பெருங்காயம் ஆகும்" என்ற பயம் நியாயமாக எழும்படி நடந்தால். அவ்வளவுதான். பட்டப்பகலில் திறந்த கதவு வழியாக வந்து செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடும் பையன் இதில் எங்கேயும் இல்லை.

இரவு பகல் என்று ஏன் பிரித்தார்கள் என்று பலர் கேட்பார்கள். இது நேற்று வந்த பிரிவினை இல்லை. ரோமானியர்களின் பன்னிரண்டு பலகைச் சட்டத்திலேயே இரவில் வரும் திருடனைக் கொன்றால் குற்றமில்லை, பகலில் அப்படி இல்லை. விவிலியத்தில் யாத்திராகமம் 22-ஆம் அதிகாரத்திலும் அதே கணக்குதான், சூரியன் உதித்த பிறகு கொன்றால் இரத்தப்பழி. இருட்டில் வந்தவன் எத்தனை பேர், கையில் என்ன, திருட வந்தானா கொல்ல வந்தானா என்று எதுவும் தெரியாது. உதவிக்கும் ஆள் இல்லை. அந்தத் தெரியாமைக்குச் சட்டம் கொடுக்கும் சலுகை அது. சலுகை உங்கள் பயத்துக்குத்தான், உங்கள் கோபத்துக்கு இல்லை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

பயம் என்றால் அதற்கு ஆரம்பமும் உண்டு, முடிவும் உண்டு. அவன் உள்ளே இருக்கும் வரை, உங்களை நோக்கி வரும் வரை, உரிமை இருக்கிறது. சுவர் ஏறி ஓடத் தொடங்கிவிட்டானா, உயிரை எடுக்கும் அளவுக்கான உரிமையும் அவனோடு ஓடிப்போய்விட்டது. பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டீர்களா, அதோடு சரி. 2008-இல் இங்கிலாந்தில் ஒரு குடும்பம். வீட்டுக்குள் கத்தியோடு புகுந்தவர்கள் மனைவி பிள்ளைகள் உட்பட எல்லாரையும் கட்டிப்போட்டார்கள். கணவர் எப்படியோ தப்பித்து, தம்பியையும் கூட்டிக்கொண்டு, ஓடியவர்களில் ஒருவனைத் தெருவில் துரத்திப் பிடித்து கிரிக்கெட் மட்டையால் அடித்தார். மட்டை உடைந்தது, அவனுக்கு மூளையில் காயம். அந்தக் கணவர் மேல் யாருக்குத்தான் இரக்கம் வராது? ஆனாலும் அவருக்கு 30 மாதச் சிறை கொடுத்தார்கள். மேல்முறையீட்டில், 2010-இல், தண்டனையைக் குறைத்து நிறுத்தி வைத்தார்கள், குற்றவாளி என்ற தீர்ப்பு மட்டும் அப்படியே நின்றது. வீட்டுக்குள் அடித்திருந்தால் கதையே வேறு. அந்த நாட்டில் 2013-இல் வீட்டுக்காரர்களுக்காகவே சட்டத்தைத் தளர்த்தினார்கள், வீட்டுக்குள் நுழைந்தவனிடம் கொஞ்சம் கூடுதலாகப் பலம் காட்டினாலும் மன்னிக்கலாம், அது அப்பட்டமாக அளவு மீறியதாக இருக்கக்கூடாது என்று. வீட்டுக்குள் என்பதுதான் முக்கியம்.

ஆனால் நீங்கள் அடியை அளந்து அளந்து அடிக்க வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் எதிர்பார்க்கவில்லை. நம் உச்ச நீதிமன்றம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறது: அந்த நேரத்தில் இருந்தவனின் நிலைமையை அப்புறம் உட்கார்ந்து தங்கத் தராசில் எடை போட்டுப் பார்க்கக்கூடாது, ஆபத்து வந்தால் கோழை மாதிரி ஓடித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. தற்காப்பு என்று நீங்கள் சொல்வதை அரசுத் தரப்பு மாதிரி ஐயம் திரிபற நிரூபிக்கவும் தேவையில்லை, அப்படித்தான் நடந்திருக்கும் என்று தோன்றும் அளவுக்குக் காட்டினால் போதும். நல்ல எண்ணத்தோடு, முன்திட்டம் இல்லாமல் உரிமையின் எல்லையைத் தாண்டியிருந்தால் கொலைக் குற்றம் கீழிறங்கி கொலையாகாத மரணம் என்று ஆகும். அப்போதும் சிறை உண்டு, அதை மறக்க வேண்டாம்.

என்னிடம் வந்த ஒருவர், ஊர் பெயர் வேண்டாம், இரவில் சமையலறை ஜன்னலைப் பெயர்த்து வந்தவனை அடித்து அவன் இறந்துபோனான். குறுக்கு விசாரணையில் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான், எத்தனை அடி அடித்தீர்கள். அவர் "தெரியாது" என்றார், உண்மையிலேயே தெரியாது. பிரேதப் பரிசோதனையில் இரண்டு காயம், இரண்டும் முன்பக்கம். விடுதலை ஆனார். இன்னொருவர், நான் நடத்திய வழக்கு இல்லை, போலீஸ் வந்தவுடன் எல்லார் முன்னாலும் "அசைவு நிற்கிற வரைக்கும் போட்டேன் சார்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். உடம்பில் பதினோரு காயம், அதில் ஏழு முதுகில். அந்த முதுகை வைத்துக்கொண்டு எந்த வக்கீலும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு பேர் வீட்டுக்கும் வந்தவன் திருடன்தான், இரண்டு பேரும் நல்லவர்கள்தான்.

இனி தெருவில் நீங்கள் சொல்லி வைத்திருக்கும் அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். தயவுசெய்து நாளையிலிருந்து நிறுத்துங்கள். திருடன் காதில் அது விழப்போவதில்லை, விழுந்தாலும் அவன் இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு வருவான், அவ்வளவுதான். ஆனால் நாளைக்கு ஏதாவது நடந்தால், சாட்சிக் கூண்டில் ஏறும் பக்கத்து வீட்டுக்காரர் காதில் அது ஏற்கெனவே விழுந்திருக்கிறது. "வந்தால் கொல்வேன் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார்" என்று அவர் உண்மையைத்தான் சொல்வார். முன்திட்டம் இல்லாமல் என்றுதானே சட்டம் கேட்கிறது? அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 2012-இல் ஒருவர், வீட்டில் பலமுறை திருடு போய் வெறுத்துப்போய், வண்டியை வேறு இடத்தில் நிறுத்திவிட்டு, வீட்டில் யாரும் இல்லாதது போலக் காட்டி, நிலவறையில் துப்பாக்கியோடு காத்திருந்தார். 17 வயதுப் பையனும் 18 வயதுப் பெண்ணும் ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்தார்கள், இரண்டு பேரையும் சுட்டுக் கொன்றார். ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டிருந்தார், எல்லாம் அவர் குரலிலேயே பதிவாகியிருந்தது. வீட்டுக்காரருக்கு ரொம்பவே இடம் கொடுக்கும் நாடு என்று நாம் நினைக்கும் இடத்தில்கூட அவருக்கு 2014-இல் திட்டமிட்ட கொலை என்று தீர்ப்பாகி, பரோலே இல்லாத ஆயுள் தண்டனை கிடைத்தது. காத்திருந்தவனுக்குப் பயம் என்று எப்படிச் சொல்வது?

மின்சாரக் கம்பி வேண்டவே வேண்டாம். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை, மகன் ஏறி வராவிட்டாலும் கூடாது. நீங்கள் நேரில் நின்றால் வந்தவனைப் பார்ப்பீர்கள், பயப்படுவீர்கள், அடிப்பீர்கள் அல்லது விட்டுவிடுவீர்கள். கம்பிக்குக் கண் கிடையாது. பந்து எடுக்க ஏறும் குழந்தையும் அதற்கு ஒன்றுதான், தீயணைக்க வரும் ஆளும் ஒன்றுதான். பீகாரிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு உண்டு, தன் கழிப்பறையை அக்கம்பக்கத்தார் பயன்படுத்துவது பிடிக்காமல் ஒருவர் வழியில் வெறும் செம்புக் கம்பியை இழுத்து மின்சாரம் கொடுத்துவைத்தார், ஒரு பெண் தொட்டு இறந்துபோனாள். அத்துமீறி வந்தவள்தானே, என் இடத்தைக் காக்க எனக்கு உரிமை உண்டே என்று வாதாடிப் பார்த்தார். 1963-இல் அந்த வாதம் எடுபடவில்லை, தண்டனை உறுதியானது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் யாருமே குடியில்லாத பழைய பண்ணைவீட்டில் கதவைத் திறந்தால் தானே சுடும்படி துப்பாக்கியைக் கட்டி வைத்திருந்தார்கள். திருட வந்தவனுக்குக் காலில் பெருங்காயம். அவன் திருட வந்ததை அவனே ஒத்துக்கொண்டான், ஆனாலும் 1971-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவனுக்கு 30,000 டாலர் இழப்பீடு கொடுத்ததை உறுதி செய்தது. கேட்டால் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும், எனக்கும் முதலில் படித்தபோது அப்படித்தான் இருந்தது.

நண்பரின் யோசனை பற்றி: உள்ளே இழுத்துப் போடுவது என்பது நான் கேட்டதிலேயே மோசமான சட்ட ஆலோசனை, அதுவும் எல்லா ஊரிலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். இழுத்த தடம் தரையில் இருக்கும், ரத்தம் எங்கே முதலில் விழுந்தது என்பது தெரியும், தடயவியல் ஆட்கள் வந்து பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். தடயத்தை மாற்றுவது தனிக் குற்றம். அதைவிடப் பெரிய நஷ்டம், அதுவரை நீங்கள் சொன்ன உண்மையும் பொய் போல ஆகிவிடும். அடிபட்டவன் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும். உடனே போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் நீங்களே போன் செய்யுங்கள், ரத்தம் போனால் துணியை அழுத்திப் பிடியுங்கள். திருடனுக்கா என்று கேட்காதீர்கள், அவன் பிழைத்தால் உங்கள் மேல் கொலை வழக்கே கிடையாது, சுயநலமாகப் பார்த்தாலும் அதுதான் லாபம். போலீசிடம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுங்கள், உள்ளே உடைத்துக்கொண்டு வந்தான், பயந்தேன், தடுத்தேன். விரிவான வாக்குமூலம் வக்கீல் வந்த பிறகு.

தெரு கூடிவிட்டால் இன்னும் ஜாக்கிரதை. பிடிபட்டவனை ஆளுக்கு ஒரு அடி என்று போட்டு அவன் செத்துப்போனால், யார் அடியில் செத்தான் என்று தெரியாவிட்டாலும் எல்லாரும் உள்ளே போவார்கள். கூட்டாகச் செய்ததற்குக் கூட்டாகத்தான் பொறுப்பு. பிடித்து வைக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் தாமதமில்லாமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும்.

சரி, அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா என்று கேட்பீர்கள். இல்லை. அந்த வயதானவரைக் கட்டிப்போட்டு அடித்தவர்களைப் போல ஒருவன் ஆயுதத்தோடு உங்கள் அம்மா அறை வாசலில் நின்றால், கம்பியை எடுத்து அடியுங்கள், பிரிவு எண்ணையெல்லாம் யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம். நான் வந்து வாதாடுகிறேன் என்று சொல்லும் அளவுக்கு அதில் எனக்குத் தெளிவு இருக்கிறது. உயிருக்காக உயிர், சரி. நகைக்காகவும் டிவிக்காகவும் உயிர் என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது, சட்டத்தில் எங்காவது இடம் இருந்தாலும்கூட.

ஆனால் அந்த வாசல் வரை அவன் வராமல் செய்வதுதான் உங்கள் வேலை, இதில் உங்கள் மனைவி பக்கம்தான் நியாயம். பின்கதவுக்கு உள்பக்கம் குறுக்குத் தாழ்ப்பாள், ஜன்னல் கம்பிகள் ஆடாமல் இருக்கின்றனவா என்று ஒரு பார்வை, ஆள் நடமாடினால் எரியும் விளக்கு, கொஞ்சம் சத்தம் போடும் அலாரம். வீடு உடைப்பவனுக்கு வேண்டியது இருட்டும் அமைதியும் நேரமும், அதில் ஒன்றைக் கெடுத்தாலே பாதிப்பேர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். வீட்டில் ஒரு அறைக்கு மட்டும் உள்ளிருந்து நன்றாகத் தாழிட முடியும்படி செய்து, சத்தம் கேட்டால் எல்லாரும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விட வேண்டும் என்று பேசி வையுங்கள், செல்போனும் அங்கேயே சார்ஜில் இருக்கட்டும். உள்ளே போய்த் தாழிட்டு, "போலீசுக்குச் சொல்லியாயிற்று" என்று சத்தமாகக் கத்துங்கள். அதையும் மீறி அந்தக் கதவை ஒருவன் உடைத்தால் அவன் பொருளுக்கு வரவில்லை என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும், நீதிபதிக்கும் தெரிந்துவிடும். அப்போது கம்பி உங்கள் கையில் இருப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

கடிதத்தில் மகனைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியைத்தான் மூன்று முறை படித்தேன். மின்சாரம் என்றவுடன் மகன் நினைவு வந்தது உங்களுக்கு, கட்டிலுக்கடியில் இருக்கும் இரும்புக் கம்பி என்றபோது ஏன் வரவில்லை?

தென்னாப்பிரிக்க ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் வழக்கு நினைவிருக்கும். 2013 பிப்ரவரி 14 அதிகாலை, குளியலறையில் சத்தம் கேட்டது, திருடன் என்று நினைத்தேன் என்றார், மூடிய கழிப்பறைக் கதவு வழியாக நான்கு முறை சுட்டார். உள்ளே இருந்தது அவருடைய காதலி. முதலில் கொலையாகாத மரணம் என்று தீர்ப்பு, 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலை என்று மாற்றியது. அவர்கள் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது: கதவுக்குப் பின்னால் யார் என்பது முக்கியமே இல்லை, யாரோ ஒரு மனிதர் இருக்கிறார், சுட்டால் சாகக்கூடும் என்று தெரிந்தே சுட்டார். 1992-இல் அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் நகரில் 16 வயது ஜப்பானிய மாணவன் ஒருவன் விருந்துக்குப் போகும்போது வீட்டு எண் மாறி வேறொருவர் வாசலுக்குப் போய்விட்டான். வீட்டுக்காரர் துப்பாக்கியை நீட்டி நில் என்றார், பையனுக்கு அது புரியவில்லை, நெருங்கினான், முடிந்தது. கிரிமினல் வழக்கில் ஜூரி அவரை விடுவித்துவிட்டது, சிவில் வழக்கில் நீதிபதி ஆறரை லட்சம் டாலர் அளவுக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னார். பையன் திரும்பி வரவில்லை.

நம் பழைய தண்டனைச் சட்டத்தில், 98-ஆம் பிரிவில், ஒரு உதாரணம் கொடுத்திருப்பார்கள். சட்டப் படிப்பில் எல்லாரும் வேகமாகத் தாண்டிப் போகும் இடம். ஒருவர், தான் நுழைய உரிமையுள்ள ஒரு வீட்டுக்குள் இரவில் நுழைகிறார். உள்ளே இருப்பவர் நல்லெண்ணத்தோடு அவரை வீடு உடைக்க வந்தவன் என்று நினைத்துத் தாக்குகிறார். தாக்கியவர் செய்தது குற்றமில்லை என்கிறது சட்டம். உள்ளே வந்தவருக்கும், தன்னைத் தாக்குகிறவரைத் திருப்பித் தாக்கும் அதே உரிமை உண்டு என்கிறது. இரண்டு பேருமே சட்டப்படி சரி, இருட்டில் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள். 1860-இல் எழுதியவர்களுக்கு உங்கள் வீட்டுப் பின்சுவர் எப்படித் தெரிந்ததோ. அப்படி ஒன்று நடந்தால் நீதிமன்றம் உங்களை விட்டுவிடக்கூடும், அந்த வழக்கை நானே நடத்தி ஜெயித்தும் தந்துவிடலாம். அதற்கப்புறம் அந்த வீட்டில் உங்களால் இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது.

அதனால் நாளை காலை கம்பியைப் பற்றிய வாக்குவாதத்தைத் தொடங்குவதற்கு முன்னால் முன்கதவுக்கு இன்னொரு சாவி செய்து மகன் கையில் கொடுங்கள். சுவர் ஏறி வரக்கூடாது, எத்தனை மணி ஆனாலும் வாசலுக்கு வந்ததும் போன் செய்துவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு, "அப்பா, நான்தான்" என்று குரல் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று சொல்லுங்கள். தூக்கம் கெட்டால் கெடட்டும். நீங்களும் சத்தம் கேட்டால் எழுந்தவுடன் கையை விளக்கின் சுவிட்சுக்குக் கொண்டுபோய்ப் பழகுங்கள், "யாரது" என்று கேட்டுவிட்டு அப்புறம் கட்டிலுக்கடியில் குனியலாம்.